வெள்ளலூர்ப் புகைக்குள் நின்றவர்கள்



ஏப்ரல் 14 நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு. தீயணைப்பு வீரர்களுக்கோ அது நீத்தார் நினைவு நாள். 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலொன்று தீப்பற்றி வெடித்தது. அணைக்கப் போன வீரர்களில் 60-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

2024-இல் அந்த நாள் வந்தபோது கோவை வீரர்கள் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கில் போராடிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 6 அன்று பற்றிய தீ பத்து நாளுக்கும் மேலாக அடங்கவில்லை. குப்பைமேட்டுத் தீ வீட்டுத் தீயைப் போன்றதல்ல. மக்கும் கழிவு உள்ளே அழுகி மீத்தேன் வாயு உண்டாகும். அதோடு கலந்து கிடக்கும் பிளாஸ்டிக்கும் துணியும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மேலே பீய்ச்சும் தண்ணீர் அதுவரை இறங்காது. பொக்லைன் வைத்துக் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளற வேண்டும். ஒவ்வொரு முறையும் புகை முகத்தில் அடிக்கும். நிலையத்துக்குத் திரும்பினால், தோட்டத்துக் கிணற்றில் மாடு விழுந்துவிட்டது, வீட்டுக்குள் பாம்பு என்று 101-க்கு அழைப்பு வரும். அதற்கும் இவர்கள்தாம் ஓட வேண்டும்.

கிடங்கைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அப்போது எல்லாரும் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் அங்கே எரிந்தது நம் வீட்டுக் குப்பை. சென்ற திருவிழாவில் அன்பு விருந்து முடிந்ததும் எச்சில் இலை, மிச்சச் சோறு, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தெருமுனையில் வைத்தோம். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.