எந்த டிஷ்ஷுக்கு அஞ்சுவது?

செல்லூரில் எங்கள் தெருவில் சென்ற கோடையில் ஒரு சிறு கலகம். மொட்டை மாடியில் புதிதாக டிஷ் வைத்த வீட்டுக்காரரிடம், "அதைக் கழற்றிப் போடுங்க தம்பி, பேரப்பிள்ளைக்கு ஆகாது" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சண்டைக்குப் போனார். பாவம், அந்த டிஷ் வானிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளுமேயன்றி எதையும் வெளியே அனுப்பாது.

அதே வாரம் ஒரு வங்கியின் மாடியில் வெள்ளையடிக்க வந்தவர், அங்கிருந்த டிஷ்ஷின் முன்கம்பியில் சட்டையைத் தொங்கவிட்டு, அதன் குழிவில் தூக்குவாளியை வைத்திருந்தார். அது செய்தியை மேலே அனுப்பவும் செய்கிற டிஷ். அவரிடம் சண்டைக்குப் போவார் யாருமில்லை.

மாணவ நண்பர்களே, நம் அச்சம் எவ்வளவு தவறான இடத்தில் குடியிருக்கிறது பாருங்கள்!

நுண்ணலை என்பது எக்ஸ்ரே அன்று, அணுவை அயனியாக்காது. அது செய்வது சூடேற்றுதல். இரத்த ஓட்டமில்லாத கண்வில்லை அச்சூட்டை எளிதில் தணித்துக்கொள்ள முடியாது. பொதுமக்கள் மீது சதுர மீட்டருக்கு 10 வாட் வரை படலாம் என்பது இவ்வலைகளுக்கு உலக வல்லுநர் குழு வகுத்த வரம்பு. 1.2 மீட்டர் டிஷ்ஷில் 2 வாட் அனுப்பினால், தட்டின் பரப்பில் சராசரியாக 2 வாட்டுக்கும் குறைவே. ஆனால் தட்டுக்கு எதிரே நிற்கும் கொம்பின் வாயில் அந்த 2 வாட்டும் உள்ளங்கையளவு இடத்தில் நெருங்கி நிற்கிறது. அங்கே வரம்பு பலமடங்கு மீறப்படும். தூக்குவாளியை எடுக்கக் குனிகிறவரின் முகம் போவது அங்கேதான். 7 மீட்டர் தட்டில் 500 வாட் அனுப்பும் பெரிய தரைநிலையமாயின், தட்டின் முன்னேயே சராசரி 13 வாட்.

தெருவில் நடப்போருக்கோ மதுரையின் இருப்பிடமே காவல். செயற்கைக்கோள் நிற்பது நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில். நாம் நடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள் இருப்பதால், 83 பாகைக் கிழக்கிலுள்ள கோளை நோக்கும் நம் டிஷ் 77 பாகை நிமிர்ந்து பார்க்கிறது. டில்லியில் அது 56 பாகையளவே. நம் ஊர்க் கற்றை கூரைகளைத் தாண்டி வானுக்கே போய்விடும். (மழைநீர் தேங்குவதுதான் நமக்குள்ள தொல்லை.)

இனி உரிமத்தின் கதை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் இத்துறையை ஆண்டன. அவற்றின் இடத்திற்கென 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. இடத்துக்கு அனுமதி தருகையில் கேட்கப்பட்டவை மூன்று: விமானத்துக்கு இடையூறா? பிற நிலையங்களின் பார்வையை மறைக்குமா? அவற்றின் அலையோடு மோதுமா? மாடியில் ஏறுகிற மனிதனைப் பற்றிய கேள்வி இம்மூன்றில் எங்கே?

1993-இல் கல்கத்தாவில் கிரிக்கெட் ஆட்டங்களை வானுக்கு அனுப்ப யாருக்கு உரிமை என்று எழுந்த வழக்கில், வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்து நம்முடையதாயின், அதைக் கையாளும் கருவி பற்றிக் கேட்கவும் நமக்கு உரிமையுண்டு என்பது என் கட்சி.

கைபேசிக் கோபுரங்களுக்கு 2012 செப்டம்பரில் உலக வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்று அரசு இறுக்கிப் பிடித்தது. மக்கள் கூக்குரலிட்டதும் அதற்கொரு காரணம். வெள்ளையடிப்பவருக்காகக் கூக்குரலிடுவோர் யார்?

நான் கேட்பது பெரிதன்று. அனுப்பும் டிஷ் உள்ள ஒவ்வொரு மாடியிலும் வேலி ஒன்று. 'முன்னே நிற்காதே, அலையை நிறுத்திய பின் ஏறு' என்று தமிழில் ஒரு பலகை. நிறுத்தும் விசை எங்கே என்று அம்புக்குறி. உரிமம் தருமுன் இம்மூன்றையும் ஒருவர் படியேறிப் பார்த்துக் கையெழுத்திடட்டும். அந்த வங்கி மாடியில் பலகை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில், வெயிலில் வெளுத்து, டிஷ்ஷின் பின்புறத்தில்.