கருந்துளை கத்தவில்லை

2022-இல் நாசா ஒரு 'கருந்துளையின் ஒலி'யை வெளியிட்டது. அன்றிலிருந்து நம்மாட்கள் விடுவதாக இல்லை. 'பிரபஞ்சத்தின் ஓலம்' என்கிறார் ஒருவர். 'ஓம்னு கேட்குது பாருங்க' என்கிறார் இன்னொருவர். உடனே ஒரு இயற்பியல்காரர் வந்து, "வெற்றிடத்தில் ஒலி பரவாது, போங்கப்பா" என்று முடித்துவைப்பார். என்னைக் கேட்டால், மூவருமே அந்தக் கருந்துளையைத் தவறவிட்டவர்கள்.

முதலில் பள்ளிக்கூட பதில். விண்வெளி முழு வெற்றிடம் கிடையாது. ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தில் சூடான வாயு நிரம்பியிருக்கிறது. நடுவிலுள்ள கருந்துளை அதைத் தள்ளத் தள்ள அழுத்த அலைகள் கிளம்புகின்றன. அழுத்த அலை என்றால் ஒலிதான். வாயு மெலிய மெலிய, துகள்கள் மோதிக்கொள்வது அரிதாகும். மிக நீண்ட அலைகள் மட்டும் தாக்குப்பிடிக்கும். நம் பேச்சு அங்கே எடுபடாது. கருந்துளையின் அலை எடுபடும்.

ஆனால் நீங்கள் ஹெட்போனில் கேட்டது அதையல்ல. அங்கே மைக் எதுவும் இல்லை. சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ்ரே படத்தில் 2003-இல் தெரியவந்த அலைவரிகள்தான் மூலம். அதன் சுருதி, பியானோவின் நடு சி-க்கு 57 ஸ்தாயி கீழே. காதுக்கு எட்டவைக்க 57 முறை இரட்டிப்பாக்கினார்கள். அதாவது சுமார் 1,440 கோடி கோடி மடங்கு! நாசாவின் ட்வீட் இதைப் 'பெருக்கப்பட்டது' என்று சொல்லிக் கடந்தது. வால்யூமைக் கூட்டுவதும் இதுவும் ஒன்றா? நான் கோடு எழுதிப் பிழைப்பவன். பெட்ரோல் விலைப் பட்டியலைக் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் அதையும் ஓலமிட வைக்கிறேன்.

"மக்கள் ரசிக்கட்டுமே, உனக்கென்ன?" என்பார்கள். தரவை ஒலியாக்குவதில் எனக்குப் பகை இல்லை. பார்வையிழந்த வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்செட் தன் ஆய்வையே அப்படித்தான் செய்கிறார். எந்த எண் எந்த ஸ்வரமானது என்பது அவருக்குத் தெரியும். அந்த விவரத்தைக் கழற்றிவிட்டு வெறும் ஓலத்தை மட்டும் கைமாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். 2021-இல் பெர்சிவரன்ஸ் செவ்வாயில் பதிவு செய்தது நிஜமான ஒலி. அங்கே காற்றும் இருந்தது, மைக்கும் இருந்தது. இரண்டையும் 'விண்வெளி ஒலி' என்று ஒரே பையில் போட்டால் நிஜத்துக்கு என்ன மரியாதை?

இதில் பறிபோவது வியப்பு. பெர்சியஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும். மனித இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுதான். நாம் இருந்த காலம் மொத்தமும் அந்த ஒற்றை அலையில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. இதைவிடவா அந்த பேய்ப்பட இரைச்சல் பெரிசு?

அடுத்த முறை ஃபார்வர்ட் பண்ணுங்கள், தாராளமாக. கூடவே அந்த 57-ஐயும் எழுதி அனுப்புங்கள்.