நடுகல்லும் நடுக்கல்லும்

சின்னமனூர் பேருந்து நிலையத்தில் நின்றால், "கூடலூர், கூடலூர்" என்று நடத்துநர் கூவுவதைக் கேட்கலாம். மாணவர்களே, அவர் வாயிலிருந்து வருவது 'கூடல்', 'ஊர்' என்னும் இரண்டு துண்டுகளா? மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். கூ-ட-லூர் என்றே வரும். கூடலுக்குச் சொந்தமான 'ல்', ஊருடன் போய் ஒட்டிக்கொண்டது. சொல் பிரியும் இடம் வேறு. ஒலி பிரியும் இடம் வேறு.

நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகப் பழைய நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஊர்ப்பெயர் 'கூடல் ஊர்' என்றே உள்ளது. கல்லில் வெட்டியவர் சொல்லைப் பார்த்தார் போலும். நம் நடத்துநர் ஒலியைப் பார்க்கிறார்.

'நடுகல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நட்ட கல் நடுகல். நடுவில் இருக்கும் கல்லோ நடுக்கல். ஒரு 'க்' பொருளை மாற்றிவிடுகிறது. அந்த 'க்' என்ன செய்கிறது? அடிநாக்கு எழும்பி, மேலண்ணத்தின் பின்பகுதியை அடைத்து, மூச்சைச் சற்று நேரம் நிறுத்திவிடுகிறது. இரு சொற்களையும் கைபேசியில் பதிவு செய்து, அலைவடிவத்தைத் திரையில் பாருங்கள். நடுக்கல்லின் இடையில் அலை ஏறக்குறையத் தட்டையான கோடாகிவிடும். நடுகல்லில் குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டே இருப்பதால், அலை சிறுக்குமே தவிர அப்படி அறுபடாது. ஒலியே இல்லாத அந்தக் கணம்தான் 'நடுவில் உள்ள கல்' என்று நமக்குச் சொல்கிறது!

நார்வே மொழியில் இந்த வேலையை அழுத்தம் செய்கிறது. 'லம்மெலோர்' என்று ஒரே சொல்லாக, முதல் பகுதியை அழுத்திச் சொன்னால் ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. பிரித்து, இரண்டையும் தனித்தனியே அழுத்தினால் 'வாதம் வந்த தொடைகள்'. அந்நாட்டிலும் கூட்டுச்சொல்லைப் பிரித்தெழுதிவிட்டு ஆசிரியரிடம் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு.

இயற்பியல் ஆசிரியனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று தமிழாசிரியர்கள் கோபிக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். 'வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள்' என்று பட்டியலை முதலில் நெட்டுருப் போடவைப்பது தலைகீழ்ப் பாடம். மதிப்பெண் போனபின், ஒற்றெழுத்து என்பது யாரோ போட்ட வீண் சட்டம் என்று மாணவன் முடிவு கட்டிவிடுகிறான். அது அவன் வாயிலேயே இருக்கும் ஒலி என்பது அவனுக்குத் தெரிவதில்லை. 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகனின் ஆயுதத்தைக் கேட்கிறோம். இதை வகுப்பில் நாலு பேர் உரக்கச் சொல்லட்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று கண்டுபிடிக்கட்டும். நடுகல் வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது என்ற விதி அதன்பிறகு வரட்டும்.

காது எல்லா வழக்கையும் தீர்த்துவிடாது. சுருளிப்பட்டிக்கு 'ப்' உண்டு. ஆண்டிபட்டியையோ ஒற்றுடனும் எழுதுகிறார்கள், ஒற்றில்லாமலும் எழுதுகிறார்கள். இந்த இரண்டு பெயர்களையும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சொல்லச் சொல்லி, பதிவு செய்து, அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.