பழக்கத்தைச் சோதிப்போர் கவனத்திற்கு

1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி, சென்னை இராஜதானியில் முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அதனால் குடும்பங்களின் வரவு செலவில் நேர்ந்த மாறுதலைச் சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் ஆராய்ந்தார். அந்நாளில் அஸ்தம்பட்டியில் ஒருவனை நிறுத்தி, "இன்னும் குடிப்பதுண்டோ?" என வினவியிருந்தால் அவன் யாது விடை பகர்ந்திருப்பான்? சட்டம் குற்றமென்று விதித்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்வார் அரியர். அரிசிக்கும் துணிக்கும் செலவானதைக் கேட்பது அதனினும் நல்ல வழியே. ஆயினும் அதுவும் வாய்ச்சொல்லேயன்றோ?

ஊணையும் நடையையும் திருத்தி நோயைத் தடுக்க முயலும் வைத்திய ஆராய்ச்சிகளுக்கு இந்நாளில் கணக்கெடுப்போர் வேண்டியிருக்கின்றனர். கல்லூரி மாணவரும் அவ்வேலைக்குச் செல்லுகின்றனராதலின் இதனை எழுதத் துணிந்தோம். மருந்தை நிறுத்துக் கொடுக்கலாம். புத்திமதியை நிறுக்கத் தராசில்லை. தமக்கு அன்போடு புத்தி சொன்னவரே மறுமாதம் வந்து, "நாள்தோறும் நடந்தீரா?" என்று கேட்டால், அவர் மனம் நோகாதிருக்கவேனும் "நடந்தேன்" என்பது நம்மவர் இயல்பு. இது பொய்யன்று, உபசாரம். ஆனால் தாளில் ஏறியபின் உபசாரத்துக்கும் உண்மைக்கும் வேற்றுமை தெரிவதில்லை.

இதனை முன்னரே உணர்ந்தவர் நம் நாட்டிலேயே இருந்தனர். க்ஷயரோகிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாகுமோ என்று 1956-ம் வருஷம் சென்னையில் ஒரு பரீட்சை தொடங்கிற்று. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளுகின்றனரா என்பதை அவர்கள் சொல்லளவில் விட்டுவிடவில்லை. ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடன் உழைத்தோரும் 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்று வருஷத்தில் விசேஷ புத்திமதி பெறாதோரில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். ஊணும் நடையும் திருத்தப்பெற்றோரில் 39 பேரே. விந்தை யாதெனின், இவர்களுடைய உடல் எடை குறையவில்லை. எடையை மாத்திரம் நோக்கியிருந்தால் முயற்சி வீணென்றே எழுதியிருப்பர். குளுக்கோஸ் அருந்துவித்து இரத்தத்தைச் சோதித்தமையால் உண்மை வெளிப்பட்டது.

ஆகவே புத்தி சொல்பவர் ஒருவரும் கணக்கெடுப்பவர் வேறொருவருமாய் இருத்தல் வேண்டும். பின்னவருக்கு, எதிரே அமர்ந்தவர் எப்பிரிவினர் என்பது தெரியலாகாது. மேற்பார்ப்போர் அவ்வாரத்திலேயே சில வீடுகளுக்கு மறுபடியும் சென்று கேட்கவேண்டும். நிரப்பிய தாளொன்றுக்கு இவ்வளவென்று கூலி பேசும் வழக்கத்தை நாம் முற்றிலும் வெறுக்கிறோம்; மரத்தடியில் அமர்ந்து தாள் நிரப்பும் கலை அதனாலேயே வளர்கிறது. பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை நடந்தும் ஆளைக் காணாது வெறுந்தாளோடு திரும்பும் மாணவனுக்கு, நிறைந்த தாளுக்குரிய கூலியையே கொடுக்கவேண்டும் என்பது நமது கோரிக்கை.