திண்ணையும் தகரப்பெட்டியும்



ஆண்டுதோறும் ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிறு, தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய உலக நாளாக 2021 முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. இயேசுவின் பாட்டன் பாட்டியரான புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாள் ஜூலை 26-இல் வருவதால், அதையொட்டிய ஞாயிற்றைத் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்கெனத் தேர்ந்தார். அன்று முதியோர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம், இனிப்பு வழங்குகின்றோம். நன்று. ஆயினும், பொன்னாடையைவிட அவர்கள் உள்ளம் வேண்டுவது வேறொன்று உண்டு. எம் பாட்டனாரின் வாழ்விலிருந்து நாம் கற்ற அவ்வுண்மையை இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

குமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் 1904-இல் பிறந்தவர் அவர். திருவிதாங்கூர் மன்னரின் குடியாகப் பிறந்து, 1956 நவம்பர் முதல் நாளன்று, தம் வீட்டுத் திண்ணையை விட்டு ஓரடியும் நகராமலேயே சென்னை மாநிலத்தவரானவர். படிப்பு நான்காம் வகுப்பு. பிழைப்பு ஒரு சிறு தென்னந்தோப்பு. ஆனால், ஊரார் அவரை அறிந்தது தோப்பினால் அன்று; தகரப்பெட்டி ஒன்றினால்.

அப்பெட்டியில் சுத்தியல், குறடு, அரம், திருப்புளி, உளி, மெழுகு தடவிய நூல், பழைய சைக்கிள் டியூப் துண்டுகள், நிமிர்த்தி வைத்த ஆணிகள் ஆகியன இருந்தன. காலைத் திருப்பலி முடிந்து, கஞ்சி குடித்து, அவர் திண்ணையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தால், சிறிது நேரத்தில் யாரேனும் ஒருவர் வேலியைத் தாண்டி வருவார். கையில் காம்பு ஒடிந்த குடை இருக்கும். அல்லது காற்று நில்லாத சைக்கிள் சக்கரம் இருக்கும். ஊர்ச் சிறுவர் மட்டுமன்றிப் பெரியவரும் அவரைப் "பாட்டா" என்றே அழைத்தனர்.

அவர் கை தேர்ந்த வேலை பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சீர் செய்வது. இன்றைய இளைஞர் பலர் அவ்விளக்கைப் பார்த்திரார். அடியிலுள்ள தொட்டியில் மண்ணெண்ணெய். அதனுள் கைப்பம்பால் காற்றேற்ற வேண்டும். அழுத்தத்தால் மேலேறும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே பீறிட்டு, பட்டுப்பை போன்ற மாண்டிலில் எரிந்து வெண்ணொளி தரும். துளையில் தூசி அடைத்தால் விளக்கு விம்மும். பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் காற்று நில்லாது. பாட்டனார் விளக்கைக் காதருகே வைத்து, அது மூச்சு விடும் ஓசையைக் கொண்டே நோயைச் சொல்லிவிடுவார்.

புது மாண்டிலைக் கட்டும்போது மட்டும் சிறுவர் எவரும் தும்மக்கூடாது. முதல் நெருப்பில் நூல் எரிந்து போகும். தோரியம் முதலிய உலோகங்களின் சாம்பல் வலை மட்டுமே எஞ்சி நிற்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அந்தத் தோரியம் வந்த கதையைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமிதம் ததும்பும். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் பிறப்பிடம் தேடி வந்த ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், 1909-இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியமே மாண்டிலுக்கு மூலப்பொருள். "நம் காலில் மிதிபட்ட மண்ணடா, வெள்ளைக்காரன் வீதிக்கு விளக்காயிற்று" என்பார். பிறர் மிதித்துச் செல்லும் எதையும் குனிந்து எடுத்துப் பார்க்கும் வழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

கூலி வாங்கியதில்லை. நுங்கு வரும், மரச்சீனிக் கிழங்கு வரும், கடலோரத்தார் வந்தால் மீன் வரும். ஆனால், அவர் உண்மையில் வாங்கியது பேச்சையே. அரைமணி வேலைக்கு அரைநாள் எடுப்பார். அதற்குள் வந்தவரின் மகள் திருமணப் பேச்சு, மாட்டின் நோய், கடன் சுமை ஆகிய எல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். குறையும் இல்லாமல் இல்லை. "ஊரார் விளக்கெல்லாம் எரிகிறது, நம் அடுக்களைத் தாழ்ப்பாள் ஓராண்டாய்த் தொங்குகிறது" என்று பாட்டியார் நொந்துகொள்வார். பாட்டனார் சிரிப்பார், தாழ்ப்பாள் தொங்கியபடியே இருக்கும்.

ஒருமுறை, உடன்பிறந்தார் இருவர்க்குப் பொதுவான கிணற்றில் கப்பி உடைந்தது. வரப்புத் தகராற்றால் மூன்றாண்டாய்ப் பேச்சற்றிருந்தவர்கள் அவர்கள். கப்பியைத் தனியே மாட்டும் திறன் பாட்டனாருக்கு உண்டு. ஆயினும், அண்ணனைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். தம்பியை எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். அறிவுரை ஒன்றும் கூறவில்லை. நெடுநேரம் கயிற்றைத் தாங்கி நின்ற அண்ணன், பொறுக்கமாட்டாமல், "எண்ணெய் எங்கேடா?" என்று கேட்டார். மூன்றாண்டுக்குப்பின் தம்பியிடம் அவர் பேசிய முதற்சொல் அதுவே. வரப்புத் தகராறு பின்னும் சில காலம் நீடித்தது. பேச்சு மட்டும் மீண்டும் முறியவில்லை.

முதுமை வந்தது. கண்ணில் புரை படர்ந்தது, விரல்கள் நடுங்கின. வீடுதோறும் மின்விளக்கு வந்தது. பெட்ரோமாக்ஸ் பரணுக்குப் போயிற்று. "பாட்டா இளைப்பாறட்டும்" என்று ஊரார் இரக்கத்தோடு ஒதுங்கினர். குடும்பத்தாரும் அன்பினாலேயே பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தனர். உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆயினும், அவர் காலையில் திண்ணைக்கு வந்து, வேலிப்பக்கம் நோக்கியவாறு வெறுங்கையோடு அமர்ந்திருப்பார். நோயைவிட அந்த ஓய்வே அவரை வாட்டியது.

இதனை உணர்ந்தவர் பக்கத்து வீட்டில் தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர். ஆனி மாத மழை தொடங்கியதும் அவர் தம் குடையைக் கொண்டுவந்து, "பாட்டா, கம்பி கழன்றிருக்கிறதா, பாருங்கள்" என்று மடியில் வைத்தார். பாட்டனாரின் முகம் மலர்ந்தது. கம்பியைத் துளையில் கோக்க அவர் விரல் உதவவில்லை. நம்மை அருகழைத்து, "நீ பிடி, நான் சொல்கிறேன்" என்றார். குடைக்கம்பி கட்டவும், வாஷர் வெட்டவும், ஆணி நிமிர்த்தவும் நாம் கற்றது அந்த மழைக்காலத்தில்தான். அவர் கை நிறைவாய் இருந்த நாள்களில் அருகிருந்து பார்த்தோமேயன்றி, கருவியைத் தொட நமக்கு வாய்ப்பிருந்ததில்லை. கை தளர்ந்தபோதே கலை கைமாறியது. அந்த மூதாட்டியின் குடை அவ்வாண்டு நான்குமுறை பழுதாயிற்று.

1983-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத்திற்குப் பனையேறிகள் வந்தனர், கட்டுமரத்தார் வந்தனர், குளச்சலில் தையற்கடை வைத்திருந்த இஸ்லாமிய நண்பரும் வந்தார். அவர்கள் கூறிய ஆறுதல் மொழிகள் நமக்குப் புதுமையாயிருந்தன. "எங்கள் அரிவாளுக்குப் பிடி போட்டவர்" என்றார் ஒருவர். "என் தையல் இயந்திரத்தின் மிதிகட்டை அவர் கைவேலை" என்றார் அந்நண்பர். ஊரெங்கும் பொருள்களில் அவர் தங்கியிருந்தார். தாழ்ப்பாளைப் பாட்டியார் அதன்பின்னும் மாற்றவிடவில்லை.

வாசகர்களே, நம் இல்லங்களில் முதியோர்க்குச் சோறு இடுகின்றோம், மருந்து வாங்குகின்றோம். "உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்" என்று அவர்களிடம் கேட்கின்றோமா? பழுதானதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் காலம் இது. தேவையற்றவர் என்னும் எண்ணம் முதியவர் மனத்தில் புகுவதற்கு இதைவிட ஏற்ற காலம் வேண்டியதில்லை. ஆகவே, ஓய்வு கொடுப்பதோடு ஒரு சிறு வேலையும் கொடுப்போம். கட்டில் பின்னத் தெரிந்தவரிடம் நாரைக் கொடுப்போம். ஊறுகாய்ப் பக்குவம் அறிந்த பாட்டியரிடம் மாங்காயையும் பேரப்பிள்ளையையும் சேர்த்தே ஒப்படைப்போம். பழைய புகைப்படங்களில் இருப்பவரின் பெயர்களை அவர்களைக் கேட்டுப் பின்புறம் எழுதிவைப்போம். கை நடுங்கினால், பிடித்துக்கொள்ள இளங்கை ஒன்று அருகே இருக்கட்டும்.

இறந்தோரை நினைந்து கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவது நம் கடமை. இருப்போர் திண்ணையில் தனித்திருக்கையில் பழுதான குடையொன்றை எடுத்துச் செல்வதும் கடமையே. குடை பழுதாகவில்லை எனினும் எடுத்துச் செல்லலாம்.