ஒரு புள்ளியும் 72 மடங்கும்

ஒரு நாட்டாரின் உள்ளத்தை அறியவேண்டின், அவர் பாராளுமன்றத்திற் பேசுவனவற்றை மாத்திரம் ஆராய்தல் போதாது. ஆடுகளத்தில் அவர் நடந்துகொள்ளும் முறையையும் ஆராய்தல் வேண்டும். விளையாட்டுத்தானே என்று இகழ்ந்து தள்ளுவார் இதனைச் சற்றே பொறுமையுடன் கேட்பாராக. உதைபந்தாட்டத்துக்கு விதி வகுத்த நாடாகிய இங்கிலாந்திலே, 2021–22 ஆட்டப் பருவம் ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒரே வகையான முடிவைத் தந்தது. ஆனால் ஒரே வகையான பயனைத் தரவில்லை. அவ்வேறுபாட்டின் வேரைக் காண்பதே ஈண்டு என் நோக்கம்.

முதற்கண் ஆட்டத்தை நோக்குவோம். ஆடவர் தொடரில் 20 கழகங்கள் பங்குகொண்டன. ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள் ஆடியது. 2022 மே 22-ஆந் திகதி, பருவத்தின் இறுதி நாளில், மான்செஸ்டர் சிற்றிக் கழகம் அஸ்டன் வில்லாவுக்கு எதிராக 0–2 எனப் பின்தங்கி நின்றது. பின்னர் ஆறு நிமிடங்கள் கழியுமுன் மூன்று கோல்களை அடித்து வென்றது. சிற்றிக்கு 93 புள்ளிகள், லிவர்பூலுக்கு 92.

மகளிர் தொடரிற் கழகங்கள் 12, ஆட்டங்கள் 22. அங்கும் முடிவு இறுதி நாள்வரை தெரியவில்லை. மே 8-ஆந் திகதி செல்சிக் கழகத்தின் மகளிர், மான்செஸ்டர் யுனைட்டெட் அணிக்கு எதிராக இடைவேளையில் 1–2 எனத் தாழ்ந்திருந்து, பின்னர் 4–2 என வென்றனர். அவுஸ்திரேலிய வீராங்கனை சாம் கேர் அவற்றுள் இரண்டு கோல்களை அடித்தார். செல்சிக்கு 56 புள்ளிகள், ஆர்சனலுக்கு 55. இரு தொடரிலும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நின்றது ஒரேயொரு புள்ளி.

தமிழிலக்கணத்திலே பலர்பால் என ஒன்றுண்டு. ‘வென்றார்கள்’ என்னும் வினைமுற்று, ஆடவர் வென்றமையையும் மகளிர் வென்றமையையும் வேற்றுமையின்றிச் சுட்டும். புள்ளிக் கணக்கும் அத்தகையதே. பந்தை உதைத்த கால் எவருடையது என்று அது வினவுவதில்லை. பால்பகுப்பு வந்து புகுவது பணக் கணக்கிலேதான்.

இதற்குச் சங்கக் கிண்ணப் போட்டியே சான்று. மே 14-ஆந் திகதி வெம்பிளி அரங்கில் நடைபெற்ற ஆடவர் இறுதியாட்டத்தில், கோலின்றி முடிந்த ஆட்டத்தைத் தண்ட உதையினால் லிவர்பூல் வென்றது, செல்சி தோற்றது. மறுநாள் அதே அரங்கில், 49,094 பேர் முன்னிலையில், செல்சி மகளிர் மேலதிக நேரத்தில் மான்செஸ்டர் சிற்றியை 3–2 என வென்று கிண்ணத்தை ஏந்தினர். ஆடவரில் வென்ற கழகத்துக்குப் பரிசு 18 இலட்சம் பவுண். மகளிரில் வென்ற கழகத்துக்கு 25 ஆயிரம் பவுண். வேறுபாடு 72 மடங்கு. இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. தோற்ற ஆடவர் செல்சிக்கு ஈட்டிக் கொடுத்தது 9 இலட்சம் பவுண். அடுத்த நாள் வென்ற மகளிர் அதே செல்சிக்கு ஈட்டிக் கொடுத்தது அதன் 36-இல் ஒரு பங்கு. வெற்றி தோல்வியினும் விலை குறைந்துபோன கதை இது!

“மகளிர் ஆட்டத்தைக் காணத் திரள்வோர் சிலர், வருவாய் குறைவு, பரிசும் குறையத்தானே செய்யும்?” எனச் சிலர் தடை நிகழ்த்துவர். அத்தடையிற் சிறிது நியாயம் உண்டு. ஆடவர் தொடரின் ஒளிபரப்பு உரிமை உலகெங்கும் பெரும்பொருளுக்கு விலைபோவது. மகளிர் தொடர் அந்நிலையை எய்தவில்லை. ஆனால் பார்ப்போர் ஏன் குறைந்தனர் என்னும் வினாவை அவர் எழுப்புவதில்லை. அதற்கு விடை கூறுவது சரித்திரம்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில், பிரெஸ்ரன் நகரத்து டிக் கேர் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி அமைத்தனர். 1920 டிசம்பர் 26-ஆந் திகதி, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், சென் ஹெலன்ஸ் மகளிரை எதிர்த்து அவர்கள் ஆடியபோது கூடியவர் ஏறக்குறைய 53,000 பேர். இடமின்றி ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றனர். அதன்பின் ஓராண்டு நிறைவதற்குள், 1921 டிசம்பர் 5-ஆந் திகதி, உதைபந்தாட்டச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்றும், தருமத்துக்கெனச் சேர்த்த பணத்திற் பெரும்பகுதி செலவுக்கே போகின்றது என்றும் காரணங்கள் காட்டித் தன் கழகங்கள் எவையும் மகளிர்க்கு மைதானம் வழங்கலாகாது எனத் தடுத்தது. அத்தடை 1970-ஆம் ஆண்டுவரை நீடித்தது. 2008-இல் அதற்காகச் சங்கம் வருத்தம் தெரிவித்தது.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சல் எங்ஙனம் பெருகும்? மக்கள் மகளிர் ஆட்டத்தைக் கைவிட்டாரல்லர். அவர் காணாவண்ணம் கதவு அடைக்கப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அடைத்து வைத்துவிட்டு, பின்னர் திறந்து, “உள்ளே ஆட்கள் சிலரே” என்று கணக்கெடுப்பது நடுநிலையாகாது. மேலும், கிண்ணப் பரிசை நிர்ணயிப்பது சந்தையன்று. அன்று தடைவிதித்த அதே சங்கந்தான். எனவே பொறுப்பையும் அதுவே ஏற்றல் தகும்.

கதவு திறந்தால் நிகழ்வது யாது என்பதையும் அவ்வாண்டே காட்டிற்று. 2022 ஜூலை 31-ஆந் திகதி, ஐரோப்பிய மகளிர் கிண்ண இறுதியாட்டத்தில், இங்கிலாந்து மேலதிக நேரத்தில் ஜேர்மனியை 2–1 என வென்றது. வெம்பிளியிற் கூடியவர் 87,192 பேர். ஆடவர், மகளிர் ஆகிய இருபாலாரின் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்களிலும் அதுவரை கண்டிராத திரள் அது.

யான் பெரிதும் போற்றுவது அவ்வெற்றியின்பின் நிகழ்ந்ததையே. வென்ற 23 வீராங்கனைகளும், அப்பொழுது பிரதமர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக் இருவருக்கும் ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தனர். தமக்கெனப் பொருள் கேட்டாரல்லர். பாடசாலைகளிலே உடற்பயிற்சிப் பாடவேளையில் உதைபந்தாடும் வாய்ப்பு 63 சதவீதச் சிறுமியர்க்கே உண்டு என்பதை எடுத்துக்காட்டி, எல்லாச் சிறுமியர்க்கும் அவ்வாய்ப்பை வேண்டினர். 2023 மார்ச்சில் அரசாங்கம் பாடசாலை விளையாட்டிற் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் சமவாய்ப்பு அளிக்கப்படும் என அறிவித்தது.

பரிசிலும் மாற்றம் வந்தது. 2022–23 பருவத்தில் மகளிர் கிண்ணத்தை வென்ற கழகத்துக்கு ஒரு இலட்சம் பவுணும் ஆடவர் கிண்ணத்தை வென்ற கழகத்துக்கு 20 இலட்சம் பவுணும் வழங்கப்பட்டன. 72 மடங்கு 20 மடங்காயிற்று. அவ்வாண்டு மகளிர் இறுதியாட்டத்தைக் கண்டோர் 77,390 பேர். முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. சமன் என்று கூறுதல் இயலாது.

ஆயினும் ஆசிரியத் தொழிலில் நரைத்தவனாகிய எனக்கு, பரிசுப் பணத்தினும் பாடசாலை நேரசூசியே பெரிது. சுற்றுநிருபம் அனுப்புதல் எளிது. சிறுவர் மைதானத்தில் ஆட, சிறுமியர் ஓரத்தில் நின்று பார்க்கும் வழக்கத்தை மாற்றுதல் அரிது. 1921-இல் அடைக்கப்பட்ட கதவு முற்றாகத் திறந்ததா என்பதை அறிய விரும்புவோர் வெம்பிளிக்குச் செல்லவேண்டுவதில்லை. இங்கிலாந்தின் ஏதேனும் ஒரு சிற்றூர்ப் பாடசாலையில், வார நாளொன்றின் பிற்பகலில், பந்து எவர் காலடியில் இருக்கின்றது என்று நோக்கினாற் போதும்.