ஸ்கேனில் தெரியும் கிழிசலுக்கெல்லாம் கத்தி எதற்கு?

"தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருச்சாம். ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமாம்."

தோள் வலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறவரைச் சுற்றி இந்தப் பேச்சு உடனே கிளம்பிவிடும். தள்ளிப்போட்டால் கை விளங்காமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தவும் செய்வார்கள். மருத்துவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும் முன்பே, அறிக்கையில் உள்ள ஒற்றை வரி தீர்ப்பாகிவிடுகிறது. கிழிந்தால் தைத்தே தீர வேண்டும் என்ற இந்த நம்பிக்கை தவறானது. வயதானவர்கள் பலரை அது வீணாக அறுவை மேசைக்கு விரட்டுகிறது.

ஜப்பானில் ஒரு கிராமத்து மக்கள் 664 பேரின் தோள்களை அல்ட்ராசவுண்டில் பரிசோதித்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 22 பேருக்கு, பேச்சில் ஜவ்வு என்று சொல்லப்படும் தசைநாண் முழுத் தடிமனுக்கும் கிழிந்திருந்தது. அப்படிக் கிழிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலியே இல்லை! ஐம்பது வயதுக்குக் கீழே யாருக்கும் கிழிசல் இல்லை. எண்பதுகளில் இருந்தவர்களிலோ மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. தோள் மூட்டை நான்கு தசைகளின் நாண்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. வயதாக ஆக அவை நைந்து, எந்த அடியும் படாமலே விட்டுப்போகின்றன. மற்ற தசைகள் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் பலருக்கு அது தெரிவதே இல்லை.

வலி வந்த பிறகும் கதை பெரிதாக மாறுவதில்லை. அமெரிக்காவில் 'மூன்' என்ற ஆய்வுக் குழு, அடிபடாமல் தசைநாண் முழுமையாகக் கிழிந்த 452 பேருக்கு முதலில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கால்வாசிப் பேர்கூட அறுவைக்குப் போயிருக்கவில்லை. கிழிசலின் அளவுக்கும் வலியின் கடுமைக்கும் தொடர்பு இல்லை என்பதும் அதே குழு கண்டதுதான். அறுவைக்குப் போனவர்களை அங்கே தள்ளியது எது என்று தேடியபோது, கிழிசலின் அளவைவிட வலுவாக நின்ற காரணம் வேறொன்று: பயிற்சியால் குணமாகாது என்று அவர்கள் முன்கூட்டியே நினைத்திருந்தது. வீட்டுக்கூடத்தில் நடக்கும் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்லாந்தில் 55 வயதைக் கடந்தவர்களிடம், அடிபடாமல் வந்த கிழிசலைத் தைத்தும் தைக்காமலும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதே தோளுக்கு நடக்கும் இன்னொரு அறுவையின் கதை இன்னும் வருத்தம் தருவது. தோள்பட்டை எலும்பு தசைநாணில் உரசுகிறது, அதைச் செதுக்கிவிட்டால் வலி போகும் என்ற கருத்து 1972 முதல் பரவி, கணக்கற்ற தோள்கள் செதுக்கப்பட்டன. பிரிட்டனில் 313 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, முடிவுகளை 2018இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் தையல் போட்டார்கள். இரு பிரிவினருக்கும் பலன் ஒரே அளவுதான். மறு ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் வல்லுநர் குழு, அந்த அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

அறுவையே கூடாது என்பதல்ல வாதம். கீழே விழுந்த அன்றே கையைத் தூக்க முடியாமல் போனவர் நாள் கடத்தக் கூடாது; புதிதாக அறுந்த நாணைச் சீக்கிரம் தைப்பது நல்லது. கிழிசல் அல்ல, தோள் நழுவல் என்றாலும், 2021 மார்ச்சில் புனேயில் பந்தைப் பாய்ந்து தடுத்துக் காயமடைந்த கிரிக்கெட் வீரர் ஷ்ரேயஸ் ஐயர் அறுவை செய்துகொண்டதும் சரியே. இளம் விளையாட்டு வீரரின் தோள் ஒருமுறை நழுவினால் மீண்டும் நழுவ வாய்ப்பு அதிகம். நார்வேயில் சிறிய, நடுத்தரக் கிழிசல் உள்ள 103 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், தைத்துக்கொண்டவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கும் பயிற்சியில் தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் கடைசிவரை அறுவையின்றியே இருந்தார்கள்.

பயிற்சி என்றால் சும்மா கையை ஆட்டுவதில்லை. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெல்ல வட்டமிட வேண்டும். சுவரில் விரல்களால் படிப்படியாக மேலேற வேண்டும். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். துண்டு நழுவினால் தோள் ஏமாற்றுகிறது என்று பொருள். நான்கு நாள் செய்துவிட்டு 'பிசியோ பலிக்கவில்லை' என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். பன்னிரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும். அறுவை செய்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. வாரக்கணக்கில் கையைத் தூளியில் தொங்கவிட்ட பிறகு இதே பட்டை, இதே துண்டு, மாதக்கணக்கில். வயதானவர்களுக்குத் தைத்த நாண் மீண்டும் விட்டுப்போவதும் அரிதல்ல.

இதில் பணமும் தவறான பக்கமே நிற்கிறது. நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை, மருத்துவமனையில் சேர்ந்தால்தான் செலவை ஏற்கின்றன. அறுவைக்குக் காப்பீடு கிடைக்கும். வாரம் மூன்று முறை பிசியோவிடம் போகிறவர் கைக்காசைத்தான் எடுத்து வைக்க வேண்டும். பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கான கட்டணத்தையும் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும். ஏற்கும்படி ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும்.